இந்த வெயிலுக்கு ஷூ எதற்கு?

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பண்ருட்டி பேருந்து நிலையத்தில் நின்று, முகங்களைப் பார்க்காமல் கால்களை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் போதும். மூன்று வகைக் கால்கள் தென்படும். முதலாவது ஹவாய் செருப்புக் கால். நெல்லிக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது ஒரு செருப்பு மட்டும் பின்தங்கிவிட, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடுமே, அந்தக் கால். இரண்டாவது ஷூ கால். பரீட்சை எழுதிவிட்டு வரும் தனியார் பள்ளிப் பிள்ளைகள், தோளில் பையோடு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள். மூன்றாவது வெறுங்கால். கூடையில் பலாச்சுளையோ முந்திரிப் பழமோ வைத்துக்கொண்டு நிழல் தேடி ஒதுங்கும் பாட்டிகளுடையது.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. விரல்களுக்குக் காற்று போகும்படி முன்பக்கம் திறந்து, குதிகாலைச் சுற்றி ஒரு வார் பிடித்துக்கொள்ளும் செருப்பு. கடைகளில் சாண்டல் என்பார்கள், ஊரில் பெல்ட் செருப்பு என்பார்கள். அந்தப் பேருந்து நிலையத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாவட்டத்து வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்றது அதுதான். ஆனால் அதைத்தான் யாரும் வாங்குவதில்லை.

செருப்பைப் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஐந்நூறு ரூபாய் செல்போன் உறைக்கு நான்கு கடை ஏறி இறங்குகிற நாம்தான், நாள் முழுவதும் நம்மைத் தூக்கிச் சுமக்கும் கால்களுக்கு இரண்டே நிமிடத்தில் செருப்பு எடுத்துவிட்டு வருகிறோம். "போடப் போட லூஸாயிடும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் போதும், அடுத்த ஆறு மாதம் சுண்டுவிரல் அழுதுகொண்டே இருக்கும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றைக் கட்டிப்போட நூற்றுக்கு மேற்பட்ட தசைநார்களும் தசைகளும். உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. இவ்வளவு நுட்பமான ஒரு கருவியை இந்த வெயிலில் எதற்குள் போட்டு அடைக்கிறோம் என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டாமா?

அண்ணாகிராமம் ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டி வட்டம். தென்பெண்ணைக் கரை, நெல், கரும்பு. கொஞ்ச தூரம் தள்ளிப்போனால் செம்மண், முந்திரித் தோப்பு, பலா. கத்திரி வெயிலில் காற்றின் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் தார்ச்சாலையின் மேற்பரப்பு அறுபதைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதையே மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டம் படும் பாடு ஊரறிந்தது. ஆக, ஒரு செருப்பு இங்கே சூட்டையும் தாங்கவேண்டும், ஈரத்தையும் தாங்கவேண்டும், நனைந்தால் ஒரு மணி நேரத்தில் காயவும் வேண்டும். குளிர்நாட்டுக்காரன் தன் காலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த மூடிய ஷூவிடம் இதில் எதை எதிர்பார்ப்பது? நம் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற தோல் ஷூக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது.

ஷூ விஷயத்தில் அதிகம் கஷ்டப்படுவது பள்ளிப் பிள்ளைகள். தனியார் பள்ளிகள் பலவற்றில் கறுப்பு ஷூ, சாக்ஸ் கட்டாயம். காலை எட்டு மணிக்கு மாட்டினால் மாலை ஐந்து வரை கழற்ற முடியாது. நடுவில் விளையாட்டு வேளையும் உண்டு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போது வரும் வாசனையை எந்தத் தாயிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்! வாசனை போகட்டும். வியர்வையில் நாள் முழுவதும் ஊறிய விரல் இடுக்குகளில் பூஞ்சை பிடிக்கிறது, தோல் வெளுத்து உரிகிறது. மழைக்காலத்தில் ஒருமுறை நனைந்த ஷூ இரண்டு நாளானாலும் உள்ளே காயாது. மறுநாள் காலை அதையேதான் பிள்ளை மாட்டிக்கொண்டு போகவேண்டும், வீட்டில் இன்னொரு ஜோடியா இருக்கிறது?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1992இல் கர்நாடகத்தைச் சேர்ந்த உதய ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 நம் நாட்டுப் பிள்ளைகளின் கால் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 விழுக்காடு மட்டுமே. காலணி அணிபவர்களுக்குள்ளும் வித்தியாசம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் தட்டைப் பாதம் மிக அதிகம், சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. 1995இல் வளர்ந்தவர்கள் 1846 பேரிடம் இதே கேள்வியோடு இன்னொரு ஆய்வு நடந்தது. ஆறு வயதுக்கு முன்பே காலணி போட ஆரம்பித்தவர்களில் 3.24 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். பதினாறு வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களில் 1.75.

தட்டைப் பாதம் எல்லாம் நோயல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது வலிப்பதே இல்லை. ஓடுகிறார்கள், விளையாடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் சொல்லும் அடிப்படைச் செய்தி வேறு. வளரும் காலில் தசைகள் வேலை செய்து செய்துதான் பாதத்தின் வளைவு உருவாகிறது. அந்தத் தசைகளை ஒரு டப்பாவுக்குள் அடைத்துவிட்டால் அவை வேலையை மறந்துவிடும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு இறுக்கமான ஷூ கட்டாயம் என்று எழுதும் கை ஒரு நிமிடம் யோசிக்க இது போதாதா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தமிழக அரசு 2012-13 கல்வியாண்டிலிருந்து ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுத்தது. பிறகு 2020இல், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அதற்குப் பதிலாக ஷூவும் சாக்ஸும் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது பலரும் மகிழ்ந்தார்கள், காரணமும் புரிகிறது. தனியார் பள்ளிப் பிள்ளை டக் டக் என்று ஷூ போட்டுப் போகும்போது, பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளை ஏன் செருப்போடு போகவேண்டும்? மதிப்பு என்பது சின்ன விஷயமில்லை. அதுவும் நம் ஊரில், காலில் என்ன போட்டிருக்கிறாய் என்பது வெறும் உடுப்புப் பிரச்சனையாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. செருப்பைத் தைத்துக் கொடுத்த சமூகத்துக்கே செருப்புப் போடும் உரிமை இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் அரசுப் பள்ளி மாணவிக்கு ஷூ என்பது ஒரு நீதி போலத்தான் தோன்றும்.

ஆனாலும் சமத்துவத்துக்கு இரண்டு வழி உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளையின் காலையும் ஷூவுக்குள் அடைப்பது ஒரு வழி. தனியார் பள்ளிப் பிள்ளையின் காலை ஷூவிலிருந்து விடுவிப்பது இன்னொரு வழி. நல்ல அடிப்பாகமும் பின்வாரும் உள்ள கறுப்புச் சாண்டலை எல்லாப் பள்ளிகளுக்கும் சீருடைக் காலணியாக்கினால் ஏற்றத்தாழ்வும் தெரியாது, காலும் பிழைக்கும். விளையாட்டுப் பாடவேளைக்கு வேண்டுமானால் கான்வாஸ் ஷூ. ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றினால் ஒன்றும் ஆகாது.

"அப்படியென்றால் வெறுங்காலே நல்லது என்று ஆய்வு சொல்கிறதே, நம் முன்னோர்கள் சும்மாவா செருப்பில்லாமல் நடந்தார்கள்" என்று கிளம்பும் ஆட்களும் உண்டு. இவர்களுக்கும் அதே சாதிக் கதைதான் பதில். முன்னோர்களில் பலர் விரும்பியா வெறுங்காலோடு நடந்தார்கள்? வீட்டுக்குள்ளும் புல் தரையிலும் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவது நல்லதுதான், ஓடட்டும். ஆனால் கரும்பு வெட்டிய கொல்லையில் இறங்கிப் பார்த்தவர்கள் வெறுங்காலைப் புகழமாட்டார்கள். வெட்டிய கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். மேலே சோகை மூடிக்கிடப்பதால் எது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. வேலிக்காத்தான் முள்ளோ ஹவாய் செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும். ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் புழுக்குஞ்சு நேராக உள்ளங்கால் தோல் வழியாக உடம்புக்குள் போய், ரத்தத்தைக் குடித்துச் சோகையைக் கொண்டுவரும் (இது கரும்புச் சோகை அல்ல, ரத்தச்சோகை!). வயலில் நாற்று நடும்போது செருப்புப் போட முடியாது, அது வேறு விஷயம். வரப்பேறி வீடு திரும்பும் வழிக்காவது காலில் ஒன்று வேண்டும்.

சரி, ஹவாய் செருப்புக்கு வருவோம். அதைத் திட்டுவதற்கே மனசு வரவில்லை. மலிவு, கழுவினால் போதும், தோட்டத்துக்கும் குளியலறைக்கும் அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் அது வீட்டைச் சுற்றி நடக்கத்தான். பண்ருட்டியிலிருந்து திருவதிகை வரை நடந்து போய் வருவதற்கு அல்ல. காரணம் எளிமையானது. அந்தச் செருப்பைக் காலோடு பிடித்துவைத்திருப்பது எது? கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள ஒரு குமிழ். காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் மடங்கி அதைக் கவ்விப் பிடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008இல் அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 39 கல்லூரி வயதுப் பிள்ளைகளை இப்படிப்பட்ட செருப்போடும், பிறகு ஓட்டப்பயிற்சி ஷூவோடும் நடக்கவிட்டு அளந்தார்கள். செருப்புப் போட்டபோது அடி குறுகியது, காலின் அசைவே மாறியது. நாள் முழுக்க அப்படி நடந்தால் ஆடுசதையும் குதிகாலும் வலிப்பதில் என்ன ஆச்சரியம்? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது என்று சொல்லும் அம்மாக்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சமையலறையின் வெறும் டைல்ஸ் தரையிலும், வெளியே தேய்ந்துபோன ஹவாயிலும் காலத்தைத் தள்ளுகிறார்கள் என்று கவனித்தால் தெரியும். தேய்ந்த செருப்பு என்றால், பெருவிரல் அழுத்திய இடம் பள்ளமாகி, குதிகால் பக்கம் ஒரு ஓரமாகக் காகிதம் போல் ஆகியிருக்கும். வார் அறுந்தால் ஊக்கு குத்தி ஓட்டுவது நம் தேசியக் கலை.

கல்லூரிப் பெண்கள் போடும் மெல்லிய கட்ஷூவும் இதே ரகம்தான். விரல்களை மூடிவிடும், அடியில் ஒன்றும் இருக்காது. இரண்டு உலகத்தின் கெடுதலும் ஒன்றாகச் சேர்ந்தது அது. இப்போது எல்லோர் காலிலும் தெரியும் ஓட்டை ஓட்டையான கிராக்ஸ் வகைச் செருப்பு பரவாயில்லை. விரலுக்கு இடம் இருக்கிறது, காற்றும் போகிறது, பின்வாரும் உண்டு. ஆனால் அந்தப் பின்வாரை முன்னால் தூக்கி விட்டுக்கொண்டு சரக் சரக் என்று இழுத்துக்கொண்டு நடப்பதுதானே ஸ்டைல்!

இதுவரை சொன்னதெல்லாம் வலி, வாசனை, அசௌகரியம். செருப்பு உயிர் விஷயமாக மாறும் இடமும் உண்டு, அது சர்க்கரை நோயாளியின் கால். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். கடலூரை ஒட்டியிருக்கும் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு, அதாவது நாலில் ஒருவருக்கு. நோய் முற்றினால் கால் நரம்புகள் மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. வலி தெரியாததால் அந்தப் புண்மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். பிறகு ஒரு நாள் விரலை எடுக்கவேண்டும் என்பார்கள், அப்புறம் பாதம்.

இந்த மரத்துப்போன காலுக்கு எந்தச் செருப்பு என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர்களில் ஒன்று நம் வேலூர். கொல்லிமலையில் பாதிரியார் ஒருவரின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்ட், படித்து அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே தொழுநோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் கவனித்துக் கவனித்து வேறு முடிவுக்கு வந்தார்கள். புண்ணுக்குக் காரணம், உணர்வில்லாத கால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுந்துவது. நமக்கு ஓர் இடம் வலித்தால் தானாகவே எடையை வேறு பக்கம் மாற்றி நடப்போம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அப்படியானால் மருந்தோடு செருப்பும் சிகிச்சைதான் என்று ஆனது. பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரைப் பிடித்தார்கள். அதுதான் இன்று மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதிக்கொடுப்பது. தொழுநோயாளிகளுக்கு அரசு வழங்குவதும் இதையே. மேலே மிருதுவான ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான அடிப்பாகம், அகலமான வார்கள், ஆணி கிடையாது, பின்வார் கட்டாயம். பின்வார் ஏன் என்றால், மரத்த காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்தாலே தெரியாது. செருப்பில்லாமலே பத்து அடி நடந்துபோய்விடுவார்கள்.

பிறகு சென்னை ராயபுரத்து எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையும் அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இதைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்து பார்த்தன. ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறியவர்களைப் பிரித்து, சிலருக்கு மெத்தென்ற உட்பாகம் கொண்ட செருப்புகள் கொடுத்து, சிலரை அவர்களுடைய சொந்தக் கெட்டிச் செருப்பிலேயே விட்டுப் பார்த்த முடிவுகள் 2004இல் 'டயாபடீஸ் கேர்' இதழில் வெளியாயின. மெத்தென்ற செருப்புக்காரர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குப் புதுப் புண். சொந்தச் செருப்புக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு! எந்த மாத்திரையாவது இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் தொலைக்காட்சியில் தினமும் விளம்பரம் வந்திருக்கும்.

இந்த இடத்தில் கோயில்களைப் பற்றியும் சொல்லவேண்டும். திருவதிகையோ சிதம்பரமோ, கருங்கல் பிரகாரம் வெயிலில் எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியும், தத்தித் தத்தி ஓடி நிழலுக்குப் போய்விடுவோம். மரத்த காலுக்கு அந்தச் சூடே தெரியாது. நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். செருப்பைக் கழற்றுவது மரபு, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை உள்ள பெரியவர்கள் காலையிலோ மாலையிலோ போகலாம், கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். கோயில்கள் கோடையில் தேங்காய் நார் விரிப்பு போடுவதும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் நல்ல காரியம், இன்னும் தாராளமாகச் செய்யலாம். அதேபோல் பொருட்காட்சிகளில் விற்கும் முள் முள்ளான அக்குபிரஷர் செருப்பை "சர்க்கரைக்கு நல்லது" என்று அப்பாவுக்கு வாங்கிப் போகும் பாசக்காரப் பிள்ளைகள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். அந்த முள் அழுத்துவது அப்பாவுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சனையே.

இவ்வளவு தெரிந்தும் கடைக்குப் போனால் சரியான அளவு கிடைப்பதில்லை. அதற்கும் காரணம் உண்டு. நம் கடைகளில் 6, 7, 8 என்று போட்டிருப்பது ஆங்கிலேயர்கள் விட்டுப்போன அளவு. அது காலின் நீளத்தை மட்டுமே பார்க்கிறது. அகலத்துக்கு எங்கே போவது? மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவி வைத்து அளந்தது. இந்தியக் கால் ஐரோப்பியக் காலைவிட அகலம் என்று தெரியவந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில், பாரதத்தின் முதல் எழுத்து, ஒரு புதிய அளவுமுறையையும் முன்மொழிந்தார்கள். சுண்டுவிரல் நசுங்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கி, நீளம் அதிகமாகித் தடுக்கி விழுந்த அனுபவம் எத்தனை பேருக்கு உண்டோ, அவர்கள் எல்லோருக்கும் இது நல்ல செய்தி. தப்பு உங்கள் காலில் இல்லை.

புதிய அளவு கடைக்கு வந்து சேரும் வரை கையில் இருப்பதைக் கொண்டுதான் பார்க்கவேண்டும். செருப்பை மாலையில் வாங்குவது நல்லது, நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கி முழு அளவில் இருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த செருப்பு மாலையில் கடிப்பது இதனால்தான். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்கு எது சரியோ அதை எடுக்கவேண்டும். நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கவேண்டும். குதிகால் பின்னால் தொங்கக்கூடாது. மெட்டி போட்டவர்கள் மெட்டியோடே போட்டுப் பார்க்கவும்.

அடுத்து செருப்பை உரிமையோடு கொஞ்சம் கொடுமைப்படுத்தவேண்டும், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. நுனியையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கவேண்டும். நடுவில் தோசை மாதிரி மடிந்தால் அந்தச் செருப்பு காலைத் தாங்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தால் லேசாக எதிர்க்கவேண்டும். மேல்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கி மறுபடி எழும்பவேண்டும். உள்ளே கையைவிட்டுத் தடவினால் தையல் முடிச்சோ ஆணி முனையோ தட்டுப்படக்கூடாது. வார் அகலமாக, கூட்டிக் குறைக்க வசதியாக இருக்கட்டும். கால் வீங்கும் முதியவர்களுக்கும், யானைக்கால் நோய் உள்ளவர்களுக்கும் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வார்தான் உதவும். குதி உயரம் ஒரு அங்குலத்துக்குமேல் தேவையில்லை. விலை அதிகம் என்பதால் மட்டும் செருப்பு நல்லதாகிவிடாது. பெரிய கம்பெனி முத்திரையோடு ஆயிரக்கணக்கில் விற்பவற்றிலும் தோசைகள் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே நல்ல அடிப்பாகம் உள்ள, பின்வார் மட்டும் இல்லாத செருப்பு இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம். பேருந்து நிலைய வாசலில் குடை நிழலில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரு வாரும் ஒரு பக்கிளும் வைத்துத் தைத்துத் தந்துவிடுவார். எந்தக் கால் எந்தப் பக்கம் தேய்க்கிறது என்று நம் செருப்பைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய ஆள் அவர். அந்தத் திறமைக்கு இந்த ஊர் கொடுக்கும் கூலியும் மரியாதையும் போதாது. அதைத் தனியாக ஒரு முழுக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.

ஜூன் பிறந்தால் பள்ளி திறந்துவிடும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் நிற்க இடம் இருக்காது. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, பழைய ஷூவின் நம்பரைச் சொல்லி, "அடுத்த வருஷமும் போடணும், ரெண்டு நம்பர் பெருசா குடுங்கண்ணே" என்று வாங்கிவரும் அப்பாக்கள் அன்று நிறையப் பேர் இருப்பார்கள். இந்த முறை மாலை ஐந்து மணிக்குமேல், பிள்ளையையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம். சீருடைக்குச் சாண்டல் போட அனுமதி உண்டா என்று பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பல பள்ளிகளில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.